ஏஞ்சலா கார்ட்டர்: வாசகர்கள் விடாமல் கேட்கும் கேள்விகள்

ஆங்கில நாவலாசிரியர் ஏஞ்சலா கார்ட்டரைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேசத் தொடங்கியதிலிருந்து, அதே சந்தேகங்கள் வெவ்வேறு குரல்களில் வந்துகொண்டே இருக்கின்றன. கூட்டத்தில் ஒருவர் கேட்டதை மறுநாள் இன்னொருவர் தொலைபேசியில் கேட்கிறார். எனவே எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். சிலவற்றில் தெரியும் எரிச்சலையும் சேர்த்து.

யார் இந்த ஏஞ்சலா கார்ட்டர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1940 மே 7 அன்று இங்கிலாந்தின் தென்கடலோர ஊரான ஈஸ்ட்போர்னில் பிறந்தவர். 1992 பிப்ரவரி 16 அன்று லண்டனில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அப்போது வயது 51. ஒன்பது நாவல்கள், நான்கு சிறுகதைத் தொகுப்புகள், வானொலி நாடகங்கள், கட்டுக்கட்டாகப் பத்திரிகைக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். பழைய தேவதைக் கதைகளைப் பிரித்துப்போட்டு எழுதிய 'தி பிளடி சேம்பர்' (1979) என்ற சிறுகதைத் தொகுப்புதான் இன்று மிக அதிகமாக வாசிக்கப்படுகிறது.

பிறரைச் சீண்டுவதில் அவருக்குத் தயக்கமே இருந்ததில்லை. பழமைவாதிகளை மட்டும் சீண்டியிருந்தால் அதில் வியப்பில்லை. தன் பக்கம் நின்ற இடதுசாரிகளையும் பெண்ணியவாதிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. கீழே வரும் பாதிக் கேள்விகள் இந்தப் பழக்கத்தால் பிறந்தவை.

தேவதைக் கதைகள் எழுதியவராமே. என் பத்து வயது மகளுக்கு வாங்கித் தரலாமா?

வேண்டாம். 'தி பிளடி சேம்பர்' அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே கொலை இருக்கிறது, காமம் இருக்கிறது, 'தி ஸ்னோ சைல்ட்' என்ற ஒன்றிரண்டு பக்கக் கதையில் பெரியவர்களுக்கே வயிற்றைப் புரட்டும் ஒரு காட்சியும் இருக்கிறது. "பெரியவர்களுக்கான தேவதைக் கதைகள்" என்று யாராவது சொன்னாலும் கார்ட்டருக்குப் பிடிக்காது. பழைய கதைகளுக்கு மாற்று வடிவம் எழுதுவது தன் நோக்கமில்லை, அவற்றுக்குள் ஏற்கெனவே புதைந்து கிடப்பதை வெளியே எடுத்துப் புதிய கதைக்குத் தொடக்கமாக வைத்துக்கொண்டேன் என்பார்.

சிறுவர்களுக்காகவும் அவர் எழுதியதுண்டு. 1970இல் வந்த 'மிஸ் இஸட், தி டார்க் யங் லேடி', 'தி டாங்கி பிரின்ஸ்' இரண்டும் அப்படிப்பட்டவை. மகளுக்கு வாங்குவதாக இருந்தால் அவற்றைத் தேடுங்கள்.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

சிறுகதை வாசகர் என்றால் 'தி பிளடி சேம்பர்' தொகுப்பிலுள்ள 'தி கம்பெனி ஆஃப் வுல்வ்ஸ்' கதையில் தொடங்குங்கள். சில பக்கங்கள்தான். பிடித்தால் அதே தொகுப்பின் தலைப்புக் கதைக்குப் போகலாம். அது குறுநாவல் அளவுக்கு நீளும்.

நாவல்தான் வேண்டும் என்றால் 'தி மேஜிக் டாய்ஷாப்' (1967). பதினைந்து வயது மெலனி ஓரிரவு அம்மாவின் திருமண உடையை எடுத்து அணிந்து பார்க்கிறாள். மறுநாள், விபத்தில் பெற்றோர் இறந்த செய்தி வருகிறது. தம்பி, தங்கையோடு அவள், லண்டனில் பொம்மைக் கடை வைத்திருக்கும் மாமா பிலிப்பின் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். பொம்மைகளை ஆட்டுவிக்கும் அந்த மனிதர் வீட்டிலுள்ளவர்களையும் அப்படியே ஆட்டுவிக்கிறார். அவருடைய மனைவி மார்கரெட் திருமண நாளிலிருந்து பேச்சை இழந்தவர். கணவர் செய்து கொடுத்த வெள்ளிக் கழுத்தணியைப் போட்டுக்கொண்டால் அவரால் சரியாகச் சாப்பிடக்கூட முடியாது. கார்ட்டர் பிற்பாடு செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் விதை இந்த நாவலில் கிடக்கிறது.

சிரிக்க வேண்டுமென்றால் நேரே 'வைஸ் சில்ட்ரன்' (1991). 'தி இன்ஃபெர்னல் டிசையர் மெஷின்ஸ் ஆஃப் டாக்டர் ஹாஃப்மன்' (1972) நாவலில் மட்டும் தொடங்காதீர்கள். அதில் தொடங்கி அத்தோடு நிறுத்திக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

அவருடைய பின்னணி என்ன? பணக்காரக் குடும்பமா?

இல்லை. அப்பா ஹியூ ஸ்டாக்கர் ஸ்காட்லாந்துக்காரர். லண்டனில் செய்தி நிறுவனம் ஒன்றில் இரவுப் பணி பார்த்த பத்திரிகையாளர். அம்மா ஆலிவ். போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து, கைக்குழந்தையான ஏஞ்சலாவையும் அண்ணனையும் பாட்டி யார்க்‌ஷயரின் சுரங்கப் பகுதியிலுள்ள வாத் அபான் டெர்ன் என்ற ஊருக்கு அழைத்துப் போனார். யாருக்கும் அடங்காத அந்தப் பாட்டியைப் பற்றிக் கார்ட்டர் பிற்பாடு நிறைய எழுதினார். போருக்குப் பின் தெற்கு லண்டனில் பாலம் (Balham) என்ற பகுதியில் வளர்ந்தார். அருகே டூட்டிங்கில் அரண்மனை போல் கட்டப்பட்ட கிரனடா திரையரங்குக்கு அப்பா அழைத்துப் போவார். திரையில் ஓடிய படத்துக்கு இணையாக அந்தக் கட்டடமும் சிறுமியைக் கிறங்கடித்தது. அவருடைய நாவல்களில் எங்கு பார்த்தாலும் மேடை, சர்க்கஸ், ஜிகினா என்று இருப்பதற்கு மூலத்தை நான் அங்கேதான் தேடுவேன்.

அம்மாவின் பாசம் மூச்சுமுட்டும் வகை. ஊட்டி ஊட்டிக் குண்டாக வளர்த்தார். பதின்ம வயதின் இறுதியில் மகள் உணவைத் தள்ளிவிட்டு மளமளவென்று மெலிந்தார். ஆக்ஸ்ஃபர்டில் சேரலாமா என்ற பேச்சு வந்தபோது, அப்படியானால் நாங்களும் அங்கே பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு வந்துவிடுகிறோம் என்றாராம் அம்மா. ஆக்ஸ்ஃபர்ட் ஆசை அன்றோடு போயிற்று. பள்ளி முடித்து, அப்பாவின் உதவியால் 'குராய்டன் அட்வர்டைசர்' என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார்.

பிறந்த பெயர் ஸ்டாக்கர் என்றால் 'கார்ட்டர்' எங்கிருந்து வந்தது?

முதல் கணவரிடமிருந்து. 1960இல், இருபது வயதில், பால் கார்ட்டரை மணந்தார். பால் வேதியியல் படித்தவர், நாட்டுப்புறப் பாடல்களில் பித்துக்கொண்டவர். இருவரும் பிரிஸ்டல் நகருக்குக் குடிபோனார்கள். ஏஞ்சலா அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து 1965இல் பட்டம் பெற்றார். இடைக்கால இலக்கியத்தில் ஆழ்ந்தார். நாட்டுப்புறப் பாடல் கூட்டங்களில் தானும் பாடினார். வாய்மொழிக் கதை மரபின் மீது அவருக்கிருந்த பிடிப்பு இந்தப் பிரிஸ்டல் ஆண்டுகளில் வளர்ந்தது.

முதல் நாவல் 'ஷேடோ டான்ஸ்' 1966இல் வந்தது. அந்தத் திருமணம் முறிந்த பிறகும், அந்தப் பெயரில் எழுத்தாளராக அறியப்பட்டுவிட்டதால், அதையே வைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜப்பானுக்கு ஓடினாராமே. ஏன்?

மூன்றாவது நாவலான 'செவரல் பர்செப்ஷன்ஸ்' 1969இல் சாமர்செட் மாம் விருதைப் பெற்றது. அந்தப் பணத்தை வெளிநாட்டுப் பயணத்துக்குச் செலவிட வேண்டும் என்பது விருதின் நிபந்தனை. கார்ட்டர் நிபந்தனையை ஒழுங்காக நிறைவேற்றினார். பயணம் கணவரை விட்டு விலகும் பயணமாக ஆனது என்பதுதான் கூடுதல். அந்தப் பணத்தால் கணவரைப் பிரிந்தேன், மாம் உயிரோடு இருந்தால் மகிழ்ந்திருப்பார் என்ற பொருளில் கேலியாகச் சொல்லியிருக்கிறார்.

கிறித்தவத்தின் சாயல் படாத ஒரு நாகரிகத்தில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆவலும் காரணம். இடையில் வந்துபோன காலம் தவிர 1972 வரை ஜப்பானில், பெரும்பாலும் டோக்கியோவில், இருந்தார். தன்னைவிட இளைய ஒரு ஜப்பானியரைக் காதலித்தார், என்எச்கே ஒலிபரப்பு நிறுவனத்தில் கொஞ்சநாள் வேலை பார்த்தார், மதுவிடுதி ஒன்றில் விருந்தினர்களுக்குப் பேச்சுத்துணையாக இருக்கும் பெண்ணாகவும் சிறிதுகாலம் இருந்து பார்த்து அதைக் கட்டுரையாக்கினார். 'நியூ சொசைட்டி' இதழில் வந்த அந்தக் கட்டுரைகள் இன்றும் கூர்மையாக இருக்கின்றன.

எல்லோருக்கும் தெரியும்படி அந்நியராக, உயரமான வெள்ளைக்காரப் பெண்ணாக, பிறர் பார்வைக்குரிய காட்சிப்பொருளாக அங்கே அவர் நடமாட வேண்டியிருந்தது. பெண்ணாக இருப்பது என்றால் என்ன என்பதை ஜப்பானில்தான் கற்றுக்கொண்டேன், அங்கேதான் தீவிரக் கருத்துகள் கொண்டவளானேன் என்று பின்னாளில் எழுதினார். இதற்கு முன்னால் எழுதிய நாவல்களையும் பின்னால் எழுதியவற்றையும் அடுத்தடுத்து வாசித்தால் வித்தியாசம் தெரியும். முன்னவற்றில் பெண்கள் பெரும்பாலும் ஆண்களின் கண்வழியாகத் தெரிகிறார்கள். பின்னவற்றில் பார்வை மெல்ல அவர்களுடையதாகிறது.

பழைய கதைகளை அப்படி என்னதான் மாற்றினார்? ஒரு கதையை எடுத்து விளக்க முடியுமா?

'தி பிளடி சேம்பர்' தலைப்புக் கதையையே எடுத்துக்கொள்வோம். மூலம் நீலத்தாடிக்காரன் கதை. பிரான்ஸில் ஷார்ல் பெரோ 1697இல் அச்சிட்டது. பணக்காரக் கணவன் புது மனைவியிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து, ஒரு அறையை மட்டும் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவள் திறக்கிறாள். உள்ளே முந்தைய மனைவியரின் பிணங்கள். அவன் திரும்பி வந்து அவளை வெட்டப் போகும் நேரத்தில் அவளுடைய சகோதரர்கள் வந்து காப்பாற்றுகிறார்கள். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பெண்களுக்கு இந்த ஆர்வக்கோளாறு ஆகாது என்று பெரோ நீதி சொல்கிறார். ஐந்தாறு கொலை செய்தவனை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தவளுக்குப் புத்திமதி!

கார்ட்டர் 1977இல் பெரோவின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அந்த நீதி அவர் கண்ணில் நன்றாகவே உறுத்தியிருக்கும். அவருடைய கதையில் சகோதரர்கள் இல்லை. வெட்டும் வாள் ஓங்கிய கணத்தில் கடலலை நடுவே குதிரையேறி வருபவர் அந்தப் பெண்ணின் அம்மா. இந்தோசீனாவில் வளர்ந்து, இளம்வயதில் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டவர் என்று கதையின் தொடக்கத்திலேயே போகிறபோக்கில் ஒரு தகவல் வரும். அந்தத் துப்பாக்கி சரியான நேரத்தில் வெடிக்கிறது. தேவதைக் கதைகளில் நல்ல அம்மா என்றால் முதல் பக்கத்திலேயே செத்துப்போனவள்தானே? இவள் சாகாமல் இருந்து கடைசிப் பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

ஆனால் முடிவைத் திருப்பிப்போடுவது யாருக்கும் வரும் வித்தை. இந்தக் கதை கனப்பது வேறு காரணத்தால். கதை சொல்லும் பெண் தான் வெறும் அப்பாவி என்று சாதிப்பதில்லை. அவனுடைய செல்வமும், தன்னை அவன் பார்த்த பார்வையும் தனக்குள் ஏதோ ஒன்றைக் கிளறிவிட்டதை மறைக்காமல் சொல்கிறாள். கடைசிவரை அவள் நெற்றியில் அழியாத சிவப்புக் கறை ஒன்று இருக்கிறது.

ஓநாய்க் கதையின் முடிவில் அந்தப் பெண் ஓநாயோடு படுத்துத் தூங்குகிறாளே. இதுவா பெண்ணியம்?

வட்டத்தில் அதிகச் சண்டை மூட்டிய கேள்வி இது. 'தி கம்பெனி ஆஃப் வுல்வ்ஸ்' கதையைப் பற்றியது. அதற்கு மூலமான சிவப்புத் தொப்பிக் கதையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெரோவின் வடிவத்தில் சிறுமியை ஓநாய் தின்றுவிடுகிறது, அத்தோடு முற்றும். இனிமையாகப் பேசும் ஓநாய்களிடம் இளம்பெண்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது அங்கே நீதி. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட வடிவத்தில் வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து மீட்கிறார். ஆக, இரையாவது அல்லது ஆண் ஒருவரால் மீட்கப்படுவது என்ற இரண்டு வழிகள்தான் அவளுக்கு இருந்தன.

கார்ட்டரின் பெண்ணிடம் ஓநாய் மனிதன் "உன்னைத் தின்னத்தான்" என்ற அந்தப் பழைய வசனத்தைச் சொல்லும்போது அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். தான் யாருக்கும் இறைச்சி இல்லை என்பது அவளுக்குத் தெரியும் என்கிறது கதை. பாட்டியைத் தின்ற மிருகத்தோடு இணக்கமா என்று நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பட்ரிஷியா டங்கர் போன்ற விமர்சகர்களும் 1980களிலேயே ஏறத்தாழ இதைக் கேட்டார்கள். தேவதைக் கதையின் அச்சு ஆணாதிக்க அச்சு, அதற்குள் எதை ஊற்றினாலும் அதே வடிவம்தான் கிடைக்கும் என்பது டங்கரின் வாதம்.

என் வாசிப்பு வேறு. பயம் மட்டுமே பெண்ணைக் காக்கும் என்று தலைமுறைகளாகச் சொல்லிவந்த கதையில் பயப்படாத ஒருத்தியை நிறுத்திப் பார்த்தார் கார்ட்டர். அவள் செய்வது நமக்கான வழிகாட்டல் ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கதைக்கு இல்லை. இன்னொன்று: கார்ட்டரின் பாட்டி இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போது ஓநாயாகப் பேத்தி மேல் பாய்வாராம், குழந்தை பயத்திலும் குதூகலத்திலும் கத்துமாம். அந்தக் குதூகலத்தை எந்த நீதிக்கதையும் கணக்கில் எடுத்ததில்லை என்று அவர் கவனித்திருந்தார்.

அதே தொகுப்பில் 'அழகியும் மிருகமும்' இரண்டு முறை வருகிறதே, அச்சுப்பிழையா?

இல்லை, வேண்டுமென்றே செய்தது. 'தி கோர்ட்ஷிப் ஆஃப் மிஸ்டர் லையன்' கதையில் மிருகம் மனிதனாகிறது. எல்லோரும் அறிந்த முடிவு. அடுத்த கதை 'தி டைகர்ஸ் பிரைட்' சூதாட்டத்தில் மகளைத் தோற்ற தகப்பனோடு தொடங்குகிறது. முடிவில் புலி அவளை நாவால் நக்க நக்க மனிதத் தோல் உரிந்து, உள்ளேயிருந்து பளபளக்கும் ரோமம் வெளிப்படுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததன் மூலம், எந்த முடிவும் இறுதியான முடிவு இல்லை என்று காட்டிவிடுகிறார். தொகுப்பைக் கண்டபடி புரட்டாமல் வரிசையாக வாசிக்கச் சொல்வது இதனால்தான்.

பெண்ணியவாதி ஒருவர் மார்க்கி தெ சாத் போன்ற ஆளைப் புகழ்ந்து புத்தகம் எழுதலாமா?

எழுதினார், ஆனால் புகழ்ந்து எழுதவில்லை. 'தி சேடியன் வுமன்' (1979) அப்போது தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த விராகோ என்ற பெண்கள் பதிப்பகத்துக்காக எழுதப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரரான சாத் கொடூரமான பாலியல் கதைகள் எழுதியவர், வாழ்நாளில் நெடுங்காலம் சிறையில் கிடந்தவர். அவருடைய இரண்டு நாயகிகளை கார்ட்டர் எடுத்துக்கொள்கிறார். அக்காள் தங்கைகளான அவர்களில் ழுஸ்தீன் நல்லவள்; நல்லவளாக இருப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதவள், அதனால் எல்லோரிடமும் வதைபடுகிறாள். ழூலியெத் கெட்டவள், செழிக்கிறாள்.

ழுஸ்தீனின் துன்பத்தை கார்ட்டர் போற்றவில்லை. துன்பப்படுவதையே தகுதியாக நினைக்கும் பெண் பிம்பத்தின் மூதாதை அவள் என்கிறார். ஹாலிவுட்டின் சோகமான பொன்முடி அழகிகள் வரை அந்த வம்சம் நீள்கிறது. இது பலருக்கு எரிச்சலூட்டியது. ழூலியெத்தையும் முன்மாதிரியாக வைக்கவில்லை. அவள் அதிகாரத்தின் பக்கம் போய் நின்றவள், அவ்வளவுதான். பாலுறவு அரசியலுக்கு வெளியே நடப்பதில்லை, யார் யார்மேல் அதிகாரம் செலுத்துகிறார்கள் என்பதைப் பச்சையாகக் காட்டிவிடும் ஆபாச எழுத்து அந்த அளவில் பெண்களுக்குப் பயன்படக்கூடும் என்பது அவர் வைத்த வாதம். ஆபாச எழுத்தை முற்றாகத் தடைசெய்யப் போராடிக்கொண்டிருந்த ஆண்ட்ரியா டுவொர்கின் போன்ற அமெரிக்கப் பெண்ணியவாதிகள் கொதித்ததில் ஆச்சரியமில்லை.

கடைசியில் சாத்தும் தப்பவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லா வரம்பையும் மீறியவராகச் சொல்லப்படும் அவர், ஒரு தாய் இன்பம் அடையும் கட்டம் வரும்போது பின்வாங்கிவிடுகிறார், அங்கே அவருக்குத் துணிவு போதவில்லை என்று சுட்டிக்காட்டுகிறார் கார்ட்டர். 'தி பிளடி சேம்பர்' வந்ததும் அதே ஆண்டுதான். நீலத்தாடிக்காரனை அதில் ஒரு மார்க்கியாக, அதாவது சாத்தின் அதே பிரபுப் பட்டம் உள்ளவனாக, ஆக்கியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அவரை மாய யதார்த்த எழுத்தாளர் என்று சொல்லலாமா?

சொல்கிறார்கள். 'நைட்ஸ் அட் தி சர்க்கஸ்' (1984) நாவலைப் படித்தால் ஏன் என்று புரியும். 1899, நூற்றாண்டு முடியும் தறுவாய். ஃபெவர்ஸ் என்ற சர்க்கஸ் அழகிக்கு இறக்கை முளைத்திருக்கிறது, அல்லது முளைத்ததாகச் சொல்கிறாள். அமெரிக்க நிருபர் வால்சர் அவளுடைய பொய்யை உடைக்க வந்து, அவள் பின்னாலேயே லண்டன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சைபீரியா என்று அலைகிறார். அவள் ஆறடி உயரம், வாய் ஓயாத லண்டன் பேச்சு, அபாரப் பசி. தேவதை என்றால் மெலிந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதல் அத்தியாயத்திலேயே நொறுக்கிவிடுகிறாள்.

ஆனால் கார்ட்டரின் வேர் ஐரோப்பியத் தேவதைக் கதையிலும், பாழ்மாளிகையும் பயமுமான கோதிக் நாவலிலும், கனவின் போக்கில் போகும் சர்ரியலிசத்திலும் இருக்கிறது. லத்தீன் அமெரிக்க நாவல்களோடு சேர்த்தே சொல்லப்படும் பெயரை ஒட்டவைப்பதால் பெரிய கெடுதல் இல்லை. புரிந்துகொள்ள உதவுவதும் இல்லை. புராணங்களின் மாயத்தைக் கலைப்பதே தன் தொழில் என்று அவரே சொல்லியிருக்கிறார். நம்பவைப்பதற்காக அவர் மாயத்தைக் கொண்டுவருவதில்லை. இது யாரோ செய்த பொருள், இதோ தையல் தெரிகிறது பார் என்று காட்டுவதற்காகவே கொண்டுவருகிறார்.

பக்கத்துக்குப் பத்து முறை அகராதியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி எழுதினார்?

'தி பிளடி சேம்பர்' நடை அப்படித்தான். நகை, துணி, பூ, வாசனை என்று அடுக்கிக்கொண்டே போவார். அந்தச் செழிப்பு கதைக்குத் தேவையானது. மார்க்கியின் மாளிகையில் அந்த இளம்பெண் எப்படிக் கிறங்கினாளோ அப்படியே நாமும் கிறங்கி, பிறகு திடுக்கிட வேண்டும். தலைப்புக் கதையில் அது வேலை செய்கிறது. 'லவ்' (1971) போன்ற தொடக்க நாவல்களில் நடை கதையை மூடிவிடுகிறது என்பது என் எண்ணம்.

ஒரு யோசனை: தெரியாத சொல்லுக்கெல்லாம் நிற்காமல் உரக்க வாசியுங்கள். வானொலிக்கென்றே நாடகங்கள் எழுதியவர் அவர். 'வாம்பிரெல்லா' (1976) என்ற நாடகம்தான் பிற்பாடு 'தி லேடி ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் லவ்' கதையானது. காதுக்குப் பிடிபடும் வாக்கியம் கண்ணுக்குத் தப்பிவிடுவதுண்டு.

திரைப்படத்தைப் பார்த்தால் போதாதா?

நீல் ஜோர்டன் இயக்கிய 'தி கம்பெனி ஆஃப் வுல்வ்ஸ்' (1984) நல்ல படம்தான். திரைக்கதையில் கார்ட்டரும் பங்கெடுத்தார். ஆனால் முடிவு நேர் எதிர். கதையில் பெண் சிரிக்கிறாள். படத்தில் ஓநாய்கள் அறைக்குள் பாய, அவள் அலறுகிறாள். மேலே ஓநாய்க் கேள்விக்குச் சொன்ன பதிலை வாசித்துவிட்டால், அந்த அலறலோடு எதெல்லாம் போய்விட்டது என்று உங்களுக்கே தெரியும்.

'தி பேஷன் ஆஃப் நியூ ஈவ்' இன்றைய திருநர் வாசகர்களைப் புண்படுத்துமா?

சிலரைப் புண்படுத்தும். 1977இல் வந்த நாவல் அது. ஈவ்லின் என்ற ஆங்கிலேய இளைஞன் நியூயார்க்கில் ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்கிக் கைவிட்டுப் பாலைவனத்துக்கு ஓடுகிறான். அங்கே பூமிக்கடியில் வாழும் பெண்களின் தலைவியான 'மதர்' அவனைப் பிடித்து, அறுவை செய்து, ஈவ் என்ற பெண்ணாக்கிவிடுகிறாள். அவன் சிறுவயதிலிருந்து ஆராதித்த சோக நடிகை திரிஸ்தெஸாவின் ரகசியமும் பின்னால் உடைகிறது. பெண்மை என்பது திரையில் காட்டிக் காட்டிச் செய்யப்பட்ட சரக்கு என்பதுதான் கார்ட்டர் சொல்ல வந்தது.

திருநர் வாழ்க்கையைப் பற்றி எழுதுவது அவர் எண்ணமாகத் தெரியவில்லை. உடல் மாற்றம் அங்கே ஒரு வாதத்துக்கான கருவி, கொடூரமான தண்டனையும்கூட. இன்று வாசிப்பவருக்கு அது உறுத்தினால் அந்த உறுத்தல் சரியானதுதான். தாய்த்தெய்வ வழிபாட்டைக் கொண்டாடிய பெண்ணியத்தையும் நாவல் அதே கூர்மையோடு கிண்டல் செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெண்ணை அடக்கும் கட்டுக்கதைக்குப் பதிலாகப் பெண்ணைத் தெய்வமாக்கும் கட்டுக்கதை எதற்கு என்று கேட்டவர் அவர்.

புனைவைத் தவிர வேறெதில் வம்புக்கு இழுத்தார்?

சாப்பாட்டில். 1985இல் 'லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' இதழில் நாகரிகச் சாப்பாட்டுப் பிரியர்களுக்கான புத்தகங்களை மதிப்புரை செய்தபோது, எத்தியோப்பியாவில் பஞ்சம் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்த நாக்குச் சீமான்களின் கூத்தா என்று கிழித்தார். வாசகர் கடிதங்கள் பொரிந்தன.

டி. எச். லாரன்ஸின் நாவல்களில் பெண்களின் காலுறைகள் எவ்வளவு ஆசையோடு வருணிக்கப்படுகின்றன என்பதை எடுத்துக்காட்டி, ஆண்மையின் தூதராகக் கொண்டாடப்பட்டவருக்குள் ஒளிந்திருந்த வேறொருவரைக் காட்டிய கட்டுரை ஒன்று இருக்கிறது; சிரிக்காமல் படிக்க முடியாது. 1991 இறுதியில் சேனல் 4 தொலைக்காட்சியில் வந்த 'தி ஹோலி ஃபேமிலி ஆல்பம்', இயேசுவின் ஓவியங்களைக் கடவுள் எடுத்த குடும்பப் புகைப்படங்களாகக் காட்டியது. தெய்வநிந்தனை என்று கண்டனம் எழுந்தது. கார்ட்டர் அப்போது கடுமையான நோயில் இருந்தார்.

அவ்வளவு பெரிய எழுத்தாளர் என்றால் புக்கர் ஏன் கிடைக்கவில்லை?

கிடைக்காதது மட்டுமில்லை, இறுதிப் பட்டியலில்கூட ஒருமுறையும் வரவில்லை. 1983இல் அந்தப் பரிசின் நடுவர்களில் ஒருவராக இருந்தவர். அடுத்த ஆண்டே 'நைட்ஸ் அட் தி சர்க்கஸ்' விடுபட்டது. அந்த நாவலுக்கு ஜேம்ஸ் டெய்ட் பிளாக் நினைவுப் பரிசு கிடைத்தது. 2012இல் அப்பரிசு பெற்ற நாவல்கள் அனைத்திலும் சிறந்ததாகவும் அது தேர்வானது.

1991இல் 'வைஸ் சில்ட்ரன்' விடுபட்டபோது இறுதிப் பட்டியலிலிருந்த ஆறு பேரும் ஆண்கள். அந்த ஆண்டு எழுந்த கோபம்தான் பெண் நாவலாசிரியர்களுக்கென்று 1996 முதல் ஆரஞ்சு பரிசு (இன்றைய பெண்கள் புனைவுப் பரிசு) வழங்கப்படுவதற்கு ஒரு காரணம். அவர் இறந்த சில நாட்களிலேயே புத்தகங்கள் கடைகளில் தீர்ந்துபோயின. இங்கிலாந்துப் பள்ளி மாணவர்கள் இன்று அவரைப் பாடமாகப் படிக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது பணத்துக்காகக் கட்டுரையும் வகுப்புமாக ஓடிக்கொண்டிருந்தவருக்கு இது கொஞ்சம் தாமதம்தான்.

அவரிடம் படித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?

கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ அவருடைய மாணவர். நாவலாசிரியர் பேட் பார்க்கரைக் கார்ட்டர் ஒரு எழுத்துப் பயிற்சி முகாமில் சந்தித்தார். நீங்கள் வளர்ந்த வட இங்கிலாந்துத் தொழிலாளர் பெண்களைப் பற்றி எழுதுங்கள் என்று ஊக்கப்படுத்தினார். அதிலிருந்து வந்த 'யூனியன் ஸ்ட்ரீட்' 1982இல் விராகோ வெளியீடாக வந்தது. தன்னைப் போல எழுதும்படி அவர் யாரையும் பழக்கவில்லை என்பதற்கு இந்த இருவரின் நடையே சாட்சி.

அவரிடம் குறையே இல்லையா? எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் சொல்கிறீர்கள்.

இருக்கிறது. 'ஷேடோ டான்ஸ்' நாவலில் முகம் கிழிக்கப்பட்ட கிஸ்லேன் என்ற பெண் நடத்தப்படும் விதத்தில் எழுத்தாளருக்கும் அந்த வன்முறைக்கும் இடையே போதிய தூரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஜப்பான் பற்றி எழுதியதில் சில இடங்களில் அங்குள்ள மக்கள் அவருடைய சுயதேடலுக்கான பின்னணித் திரையாக ஆகிவிடுகிறார்கள். வாதத்துக்காகவே பாத்திரங்களை உண்டாக்கி நிறுத்தும்போது 'நியூ ஈவ்', 'ஹாஃப்மன்' நாவல்கள் மூச்சு வாங்குகின்றன. நடை பற்றிய புகாரை முன்பே ஒப்புக்கொண்டேன்.

சாகப்போகிறோம் என்று தெரிந்துதான் 'வைஸ் சில்ட்ரன்' எழுதினாரா?

அப்படி ஒரு கதை உலவுகிறது. அழகாக இருப்பதால் நிலைத்துவிட்டது. நாவலை அவர் முடித்துக் கொடுத்த பிறகு, 1991இல்தான் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்தச் சிரிப்பை மரணத்தின் கணக்கில் எழுத வேண்டியதில்லை. அது வாழ்ந்துகொண்டிருந்தவரின் சிரிப்பு. 1974இல் சந்தித்த, தன்னைவிடப் பதினைந்து வயது இளைய கட்டுமானத் தொழிலாளி மார்க் பியர்ஸோடு தெற்கு லண்டனின் கிளாப்பமில் குடித்தனம், 1983இல் 43 வயதில் பிறந்த மகன், எந்நேரமும் நண்பர்கள் வந்துபோகும் வீடு என்றிருந்த ஆண்டுகளில் எழுதியது.

கதை சொல்பவர் டோரா சான்ஸ். டோராவும் நோராவும் இரட்டையர்கள், ஓய்வுபெற்ற மேடை நடனக்காரிகள், தேம்ஸ் நதிக்குத் தெற்கே பிரிக்ஸ்டன்வாசிகள். ஷேக்ஸ்பியர் நாடக நடிகர் சர் மெல்கியோர் ஹசார்டின், அவர் ஒப்புக்கொள்ளாத மகள்கள். ஷேக்ஸ்பியரின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஏப்ரல் 23 அன்று அவர்களுக்கு 75 வயது. அன்றைக்கே அப்பாவின் நூறாவது பிறந்தநாள் விருந்துக்கு அழைப்பு வருகிறது. ஷேக்ஸ்பியர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிட வேண்டியவர் இல்லை, கிழவிகள் இருவர் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு ஆடும் ஆட்டத்திலும் அவர் இருக்கிறார் என்று நாவல் காட்டுகிறது. ஒன்பது நாவல்களில் என் தேர்வு இதுதான்.

இன்னும் இருந்திருந்தால் அடுத்து என்ன எழுதியிருப்பார்?

ஊகிக்க வேண்டியதில்லை. ஷார்லட் பிரான்டேயின் 'ஜேன் ஐயர்' நாவலில் ராச்செஸ்டரின் மாளிகையில் வளரும் சிறுமி அடேலை நாயகியாக்கி ஒரு நாவல் எழுதத் திட்டமிட்டிருந்தார்; அதற்கான சுருக்கத்தையும் எழுதி வைத்திருந்தார். அடேல் பிரெஞ்சு நடனக்காரி ஒருத்தியின் மகள், தகப்பன் யாரென்பதில் சந்தேகம் உள்ளவள், ஆடவும் பாடவும் பிடித்தவள். அதற்காகவே ஆங்கில ஒழுக்கப் பள்ளிக்கு அனுப்பித் திருத்தப்பட்டவள். டோராவையும் நோராவையும் படைத்தவர் அவளை அந்தப் பள்ளியில் விட்டுவைத்திருக்க மாட்டார்.